வால்வை மூடப் போனவர்

3 ஏப்ரல்
சஃபித் துறைமுகத்தில் இன்று மத்தி குவிந்துவிட்டது. வெட்டி அடுக்கியே விரல் மரத்துப்போனது. தொழிற்சாலைக் குளிர் அறைப் பக்கம் மறுபடி அம்மோனியா நெடி. மெக்கானிக் லார்பி மேலாளரிடம் கத்திக்கொண்டிருந்தார்: "வால்வு அரிச்சுப்போச்சு ஐயா. மூணு தடவ பதிவேட்டுல எழுதிட்டேன்."

"சீசன் முடியட்டும், பாக்கலாம்."

பக்கத்தில் மீன் வெட்டும் துரியா என் காதில், "மீனுக்கு ஐஸ் வைக்கிறாங்க, நமக்கு ஆப்பு வைக்கிறாங்க" என்றாள். சிரித்துவிட்டேன்.

6 ஏப்ரல்
இன்றும் நெடி. தலைவலி.

14 ஏப்ரல், மருத்துவமனை
கண்கட்டை நேற்று அவிழ்த்தார்கள். எழுத்து கலங்கலாகத்தான் தெரிகிறது. தெரிகிறதே! அல்ஹம்துலில்லாஹ்.

ஏழாம் தேதி காலை டமார் என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்தது. கண்ணிலும் நெஞ்சிலும் நெருப்பு. விழுந்துவிட்டேன். துரியாதான் ஏப்ரனைத் தண்ணீரில் முக்கி என் முகத்தில் பொத்தினாள்.

"எந்திரிடி முபாரக்கா! உன்னத் தூக்க எனக்குத் தெம்பில்ல, நட!"

வாசலில் நாங்கள் வெளியே வர, எதிரே ஒருவர் உள்ளே ஓடினார். லார்பி. சுவரில் மாட்டியிருந்த முகமூடி என்றோ கெட்டுப்போனது. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போய், அம்மோனியா வரும் தலைவால்வை மூடியிருக்கிறார். உள்ளே நாற்பது பெண்கள் இருந்தோம். ஒருத்திகூடச் சாகவில்லை.

அவர் பக்கத்து வார்டில். மூச்சுக்குழாயோடு.

16 ஏப்ரல்
மேலாளர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கூடவே ஒரு தாள். 'மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம்.' கையெழுத்துப் போட்டால் நிரந்தர வேலை. பத்து வருடமாக நான் கேட்ட வேலை.

"கண்ணு இன்னும் சரியாத் தெரியல ஐயா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லையா எனக்கு?

17 ஏப்ரல்
துரியாவுக்கும் அதே தாளாம். "கிழிச்சுப் போட்டேன். என் கை மீன் வாசனை அதுல இருந்தும் பூனைகூட மோந்து பாக்கல." சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இவள் இல்லாவிட்டால் நான் ஏது?

25 ஏப்ரல்
விசாரணை. பதிவேடு காணாமல் போய்விட்டதாம்! அரசு ஆய்வாளர், "வால்வு பழுதுன்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

எழுந்தேன். "லார்பி அண்ணன் சொன்னாரு. சீசன் முடியட்டும்னு மேலாளர் சொன்னாரு. ரெண்டையும் என் காதால கேட்டேன்."

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பினால் எல்லாப் பெண்களும் எழுந்து நிற்கிறார்கள்.

19 மே
குழாய், வால்வு, முகமூடி எல்லாம் புதிது. மேலாளரும் புதியவர். எனக்கு இன்னும் தினக்கூலிதான். போகட்டும்.

லார்பி வீடு திரும்பிவிட்டார். இனி நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குமாம். மதியம் நாங்கள் எல்லோரும் போனோம். முற்றம் கொள்ளவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"அத விடுங்க… நீங்க பேசுங்க… நான் கேக்கறேன்."

பேசினோம். மீன் விலை, மழை, துரியாவின் மருமகன். நாற்பது பேரும் ஒரே நேரத்தில். அவர் கண்ணை மூடி, புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.