கோதுமை எனக்கு ஆகவில்லை

சுங்கை பினாங், மலேசியா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, ஹுஸ்னா ஸலாத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். மாமா இப்போது கஞ்சி குடிக்கிறார் என்று கேட்டு நிம்மதியானேன். மாமிக்கு என் ஸலாம்.

தினமும் வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை எடுத்தாலே மாமாவின் கட்டிலைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால்தான் ஊருக்கு வரும் கமால் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் ரொட்டிக் கடையைப் பூட்டிவிட்டு மாமாவைப் பார்க்க விமானம் ஏறி மூன்று மாதம் ஆகப்போகிறது. மூன்றாவது வாரமே என் வாய்ப்புண் ஆறிவிட்டது. முடி கொட்டுவது நின்றது. ஏழு வருடமாக மாவு மூட்டையில் சாய்ந்தே காலத்தை ஓட்டியவள், இப்போது நான்கு மாடியும் நிற்காமல் ஏறுகிறேன். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா சும்மா இருப்பாரா? “ஒன் வீட்டுக்காரரு ஏரோப்ளேன் ஏறுனதும் ஒடம்பு தேறிருச்சு, பாத்தியாலா” என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சிரித்து வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். நீங்களும் அப்படியே நினைத்துவிடுவீர்களோ என்று பயம்.

கிளினிக்குக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார். கடை மூடிய பிறகு எதைச் சாப்பிடுவதை விட்டாய் என்று கேட்டார். வீட்டில் சோறுதான், ரொட்டி இல்லை என்றேன். மறுபடி இரண்டு வாரம் ரொட்டி சாப்பிடச் சொல்லி, அதன் பிறகு இரத்தம் எடுத்தார். அந்த இரண்டு வாரமும் எழுந்து பல் துலக்கவே தெம்பில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். கோதுமை என் குடலைக் கெடுக்கிறதாம். சாப்பிடும் எதையும் உடம்பில் சேரவிடுவதில்லையாம். இதற்கு மருந்தில்லை. சாகும்வரை ஒரு துண்டுகூடச் சாப்பிடக்கூடாது, மாவு பறக்கும் இடத்திலும் நிற்காதே என்றார். டாக்டர், என் கணவர் ரொட்டிக் கடைக்காரர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

யாரிடம் கோபப்படுவது மச்சான்? எத்தனை கிளினிக் ஏற்றி இறக்கினீர்கள், எத்தனை முறை ஓதிய தண்ணீர் வாங்கி வந்தீர்கள். சத்து வரட்டும் என்று நீங்களே மால்ட் பால் கலக்கித் தந்தீர்கள். அதிலிருக்கும் பார்லியும் எனக்கு ஆகாதாம்.

போன வாரம் வீடியோவில், பத்து காவான் ஊரில் இன்னொரு கடைக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். மாவு ஹுஸ்னா பிசைந்தால்தான் சரிவரும் என்று மாமாவிடம் பெருமையடித்தீர்கள். அவரும் படுத்தபடியே தலையாட்டினார். நான் சரி என்றேன். அத்தனை முகங்களுக்கு நடுவில் வேறென்ன சொல்வேன்? பிள்ளைகளின் படிப்பும் மாமாவின் வைத்தியமும் அந்த மாவிலிருந்துதான் வருகின்றன. அதை விடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்துக்கிடக்கிறது. மாவுக்கு ஓர் ஆளைப் பாருங்கள். பருப்புக் குழம்பு, மீன் குழம்பு எல்லாம் நான் வீட்டிலேயே சமைத்துத் தருகிறேன்.

இன்னொன்று. எழுதக் கை வரவில்லை. தினமும் கடை திறந்ததும் கல்லிலிருந்து எடுக்கும் முதல் ரொட்டியை எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்காமல், பிய்த்து, ஊதி, என் வாயில் வைப்பீர்களே. நிக்காஹ் முடிந்து பதினோரு வருடத்தில் என்னைப் பிடிக்கும் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் துண்டைத்தான் நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

அல்லாஹ் உங்களை நலமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கடை திறக்கும் அன்று அந்தத் துண்டை என் பக்கம் நீட்டாதீர்கள் மச்சான். நீட்டினால் நான் வாயைத் திறந்துவிடுவேன்.

உங்கள்
ஹுஸ்னா