கோட்டுக்குப் போவதற்கு முதல்நாள்

2007 ஜூன் 12, செவ்வாய்

இன்று செல்வியை ஹல்துமுல்லை பொலிசுக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள நான் வேலை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் மகளை விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவள். புருஷன் அடித்ததில் இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. தோட்டத்துத் தலைவரிடம் முறையிட்டதற்கு, "குடும்பமுன்னா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். பொலிசில் சிங்களத்தில் கேட்டதையெல்லாம் நான்தான் தமிழில் சொன்னேன். பண்டாரவளைக் கோட்டில், நீதவானிடம், பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்றார் அங்கிருந்த பெண் பொலிஸ். நாளைக்குப் போகிறோம்.

பொழுது சாய அவள் புருஷன் என் வாசலுக்கு வந்தான். குடித்திருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, அவள அனுப்பிவிடுங்க. இனிமே கை வைக்கமாட்டேன்."

"இங்க வரலையேப்பா" என்றேன்.

செல்வி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்து நின்றாள். "இங்கதான் இருக்கேன். நாளைக்குக் கோட்டுக்குப் போறேன். மறிக்கணும்னா இப்பவே, அக்கா முன்னாடியே மறிங்க."

அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். சத்தம் போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

காலையில் பஸ்ஸுக்கு அவன் இருக்கும் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். துணைக்கு வரச்சொல்லிப் பக்கத்துக் காம்பராப் பெண்கள் இருவரிடம் கேட்டேன். ஒருத்தி சரியென்றாள். மற்றவள், புருஷனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.