நாசியேகுவின் அம்மா கட்டிய வீடு

14.10.2006, சனி. பீலெஃபெல்ட்.

கென்யாவிலிருந்து வந்த மசாய் இனப் பெண் நாசியேகுவை இன்று பேட்டி கண்டேன். அங்கே வீடு கட்டுவது பெண்கள். கட்டியவளுக்கே வீடு சொந்தம். இப்போது ஆண்கள் மேசனை வைத்துச் சீமெந்து வீடு கட்டி, வீட்டின் உறுதிப் பத்திரத்தைத் தங்கள் பெயரில் எழுதுகிறார்கள். அவருடைய அம்மா தன் மண்வீட்டை இடிக்க விடாமல் நிற்கிறாராம்.

எங்கள் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் சிரித்தார். "பொம்பிளையள் வீடு கட்டினவையெண்டால் ஆர் நம்பப்போயினம்? 'உதவினவை' எண்டு மாத்துங்கோ."

"ஏலாது அண்ணை. கம்பு நட்டதும் சாணம் பூசினதும் அவாவின்ரை அம்மாதான்."

"அப்ப புருசன் என்ன செய்தவராம்?"

"உள்ளுக்கு வரட்டோ எண்டு வாசலிலை நிண்டு கேட்டவராம்."

'உதவினார்' என்று அச்சானால், வீடு அந்த அம்மாவுடையதல்ல என்று நானும் சொன்னதாகிவிடும். மாற்றுவதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். இத்தனை வருடத்தில் ஆசிரியரிடம் நான் இப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை.