கூலி என்ற சொல் அப்படியே நிற்க

நலம் பெருகுக. மழை பிழையாத பூங்கரை நாட்டைத் தம் குடை நிழலில் வைத்துக் காக்கும் கோதைமாதேவியார், தம் உடன்பிறந்த இளவல், தென்கூற்றம் ஆளும் இளவேள் சேந்தனார்க்கு விடுத்த ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. களங்களில் பொலி உயர்க. தங்கள் மாளிகையில் அடுப்பு அணையாதிருக்க. தங்கள் தொண்டைக்கட்டும் விரைவில் நீங்குக. ஆட்டம் பார்க்கப் போகும் இடத்தில் கத்தாதே என்று எத்தனை சொன்னாலும் இந்தப் பிள்ளை கேட்பதில்லை என்பதையும் வாழ்த்தோடு சேர்த்தே எழுதச் சொன்னார் அரசியார். எழுதுபவன் ஓலைநாயகம் அழிசி.

தாங்கள் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. அதில் பாதி எழுத்து கண்ணீரில் கலைந்திருந்தமையால் வாசிக்க அடியேன் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை. அரசியார் கேட்டார், கேட்கும்போதே அவர் கண்ணும் நிறைந்தது. பிறகு, சின்ன வயதிலும் இவன் இப்படித்தான், நல்லது செய்யப் போய் ஏதாவதொன்றை உடைத்துவிட்டு என்னிடம் ஓடி வருவான் என்று சொல்லிச் சிரித்தார்.

உடைந்தது இன்னதென்று அவையோர் அறியும்பொருட்டு முறைப்படி எழுதுகிறேன். நீர்மருதூர்க் கல்விச்சாலை மாணவர்க்கும் மேலைச்சாலை மாணவர்க்கும் அறுவடை விழாவில் நடந்த சடுகுடு ஆட்டத்தில், நீர்மருதூர் மாணவன் பூதி மூச்சடக்கிப் பாடிச் சென்று, எதிரணியார் அத்தனை பேரும் மேலே விழுந்து அமுக்கியபோதும் நடுக்கோட்டைத் தொட்டு வென்றான். வென்ற அக்கணத்திலேயே அவன் முழங்கால் முறிந்தது. தாங்கள் மேடையிலிருந்து குதித்தோடிப் பொற்கிழி ஒன்றை அவன் மடியில் இட்டீர்கள். அத்தோடு விட்டிருக்கலாம். அருகில் ஓலைநாயகம் ஒருவன் இருக்கிறானே, அவனைக் கேட்போம் என்று தோன்றாமல், தாங்களே எழுத்தாணியைப் பிடுங்கி, இது பூதியின் உழைப்புக்கு யாம் தரும் கூலி என்று எழுதிக் கையொப்பமும் இட்டீர்கள்.

ஐயோ, அடியேனைக் கேட்டிருந்தால் பரிசில் என்று எழுதியிருப்பேன்! பரிசிலுக்கு வரி இல்லை, வழக்கு இல்லை, வாய்ப்பேச்சும் இல்லை. கூலி என்று எழுதியவுடன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிற்று. கூலி கொள்வான் மாணவன் ஆகான், மாணவன் அல்லான் சாலைப் பந்தியில் உண்ணான் என்று சாலையின் சாசனம் சொல்வதால், பூதியைப் பந்தியிலிருந்து எழுப்பினார்கள். கூலிக்காரனுக்குரிய வரியைக் கேட்டு வரியதிகாரி வந்து நின்றார். கூலிக்கு ஆள் வைத்து ஆடிய வெற்றி செல்லாது என்று மேலைச்சாலையார் முறையிட்டனர். சாலை மருத்துவரோ, மாணவர்க்கே தம் மருந்து என்று முழங்காலுக்குக் கட்டுப் போடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆகவே அச்சொல்லை அழித்துப் பரிசில் என்று திருத்தித் தருமாறு தாங்கள் வேண்டியிருந்தீர்கள். அடியேன் எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன் என்பதை மறைப்பானேன். ஆயினும் அரசியார், முதலில் பூதியையும் சாலைத் தலைவர் ஐயாறனாரையும் அழைத்து வருக என்றார்.

பூதி தோழன் ஒருவன் தோளைப் பற்றிக்கொண்டு வந்தான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுக என்பது கட்டளை. இலக்கணம் பிழைத்தால் அடியேனை நோக வேண்டா. "தாயே, இளவேள் குடுத்தாக, வாங்கிக்கிட்டேன். அதுக்குப் பேரு என்னன்னு எனக்கு யாரும் சொல்லலை. செயிச்சப்ப ஊரே தோள்ல தூக்கிச்சு. இப்போ எந்திரிக்கவே கை வேணும், பந்தியில உனக்கு இலை இல்லேங்கிறாக. நான் படிக்க வந்தவனா, வேலைக்கு வந்தவனா? எதுவானாலும் சரி, ஏதோ ஒண்ணுன்னு சொல்லிப்போடுங்க" என்றான்.

ஐயாறனார் நல்லவர், ஆனால் சாசனத்தை விட்டு ஓர் அடி நகரமாட்டார். சொல்லைத் திருத்தினால் பூதி மீண்டும் மாணவனே, ஐயமில்லை என்றார். அப்படியானால் அவன் இடம் நிலைக்குமா என்று அரசியார் வினவினார். அதற்கு ஐயாறனார் தயங்கி, அவனைச் சேர்த்தது ஆட்டக்காரர்க்கென ஒதுக்கிய இடத்தில், ஆட இயலாதவன் அதை அடுத்தவனுக்கு விட்டுத்தர வேண்டும் என்பது வழக்கம் என்றார்.

அரசியார் அரியணையில் நிமிர்ந்து அமர்ந்தார். அடியேன் அவரை நெடுங்காலமாக அறிவேன். அப்படி அமர்ந்தால் யாருக்கோ போதாத வேளை. ஆடினால் சோறு, ஆடாவிட்டால் சோறு இல்லை என்றால், இத்தனை நாளும் அவன் உண்டது கூலிச்சோறு அல்லாமல் வேறென்ன, ஐயாறனாரே என்று கேட்டார். என் தம்பி ஓலையில் எழுதியது பிழை அன்று, நீங்கள் எல்லாரும் எழுதாமல் விட்டதை அவன் தெரியாமல் எழுதிவிட்டான் என்றும் சொன்னார். பரிசில் பெற்றவன் கால் ஒடிந்தால் கேட்பார் இல்லை. கூலிக்கு நின்றவன் வேலையில் ஊனப்பட்டால், அவன் தேறும்வரை அமர்த்தியவனே உண்பித்து மருந்திடக் கடவன் என்று நம் நாட்டுச் சட்டம் உண்டு என்றும் நினைவூட்டினார். அடியேன் தீட்டிய எழுத்தாணியைச் செருகிக்கொண்டேன். திருத்தியிருந்தால் அழகான சொல்லைத் தந்து அவன் உரிமையைப் பறித்திருப்பேன்.

ஐயாறனார்க்கு அடுத்த கவலை பிறந்தது. ஆட்டக்காரர்க்கெல்லாம் கூலி என்றால் சாலை தாங்காது, இலக்கணம் படிப்போர் இரவுப் படிப்புக்கு எரிக்கும் விளக்கெண்ணெயில் கை வைக்க நேரும், பார்க்க ஆள் கூடாத பந்தாட்டப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப நேரும் என்றார். அக்கவலை பொய்யன்று என்று அரசியாரும் ஒப்பினார். பின்பு, திடலின் வாயிலில் வாங்கும் நுழைவுக்காசு எங்கே போகிறது என்று கேட்டார். ஐயாறனார் இருமினார். புது மண்டபத்துக்கு என்றார்.

ஆகவே அரசியாரின் கட்டளை வருமாறு. ஓலையில் எழுதிய கூலி என்ற சொல் அப்படியே நிற்க. ஆட்டத்தின் கூலி கொள்வானும் மாணவனே என்று சாசனம் திருத்தப்படுக. காயத்தைக் காட்டி எவர் இடத்தையும் பறிக்கலாகாது. நுழைவுக்காசில் ஒரு பங்கு ஆடுவோர்க்கு, ஒரு பங்கு கூட்டம் சேராத ஆட்டங்களுக்கு. எஞ்சியதில் மண்டபம் எழும் அளவு எழுக. விளக்கெண்ணெயை எவரும் தொடலாகாது. கூலிக்குரிய வரியைப் பூதியும் செலுத்தக் கடவன். அதில் சலுகை இல்லை. மேலைச்சாலையார், தம் ஆட்டக்காரர் வீடுகளுக்குக் கூலியாக மறைவில் ஓட்டிவிட்ட பசுக்களுக்கும் இனி வரி கேட்கப்படும் என்று அறிந்தவுடன் தம் முறையீட்டைத் தாமே திரும்பப் பெற்றனர்.

இது நிலைபெறுக, மாற்றுவார் அவைமுன் நின்று விடை கூறுக. சாலைக்கொரு படி, பண்டாரத்துக்கொரு படி எழுதி, அன்ன இலச்சினை இட்டது.

இலச்சினை உலருமுன் அரசியார் ஓலையைத் திரும்ப வாங்கி, ஓரத்தில் இதையும் எழுதச் சொன்னார். தம்பி, கூலிக்கு அமர்த்தியவன் நீ. சட்டப்படி அவன் தேறும்வரை சோறும் மருந்தும் உன் பொறுப்பு. அவன் சுவடிகளையும் கட்டி அனுப்பியிருக்கிறேன், படிப்பு கெடலாகாது. இந்த ஓலை வந்த வண்டியிலேயே பூதி உட்கார்ந்திருக்கிறான். முதலிலேயே சொல்லியிருந்தால் ஓலையைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடியிருப்பாய். சட்டத்தை யார் வாசிப்பது? வழியெல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு அவன் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டான். போ, உன் கையாலேயே இலை போடு.