ரோட்டில் சூல் கட்டிய பயிர்

காலனித் தெரு,
9-1-1984

அன்பு மகன் வீரையனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் நிறைமாதமாக இருக்கும் அம்சமும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், பிலாய்க் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. தாயில்லாப் பெண் என்பதால் உன் மனைவிக்குப் பிரசவம் நம் வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது, தை பிறந்ததும் எந்நேரமும் வலி எடுக்கலாம் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்கள். கீழ்வேளூர் ஆஸ்பத்திரிக்குப் போக நம் தெருவுக்கு இருப்பது அந்த வாய்க்கால் கரை ரோடு ஒன்றுதானே. போன வருஷத்து அடைமழையில் கண்ணாத்தாளைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போன வண்டி அந்த ரோட்டுக் குழியில் அச்சு முறிந்து நின்றதும், பிள்ளை தங்காமல் போனதும் உனக்குத் தெரியும். அம்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிதான் ஞாபகம் வருகிறது.

மனு எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. ரோட்டு ஆபீசில் கேட்டால் அது வாய்க்கால் கரை, அங்கே போங்கள் என்றார்கள், வாய்க்கால் ஆபீசில் கேட்டால் கரைதான் எங்களுடையது, குழி ரோட்டுக்காரர்களுடையது என்றார்கள். கூலிச் சண்டையில் மிராசுதார்களுக்கே அசையாத நாங்கள் இரண்டு மேசைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். கடைசியில் ஐப்பசியில் சங்கத்தில் கூடிப் பேசி, குழிகளில் நாற்று நட்டுப் போராடுவது என்று முடிவானது. பேருக்கு நாலு நாற்றைச் செருகிவிட்டு வாருங்கள் என்றுதான் பெண்களிடம் சொன்னேன். உன் அம்மாவுக்குப் பேருக்கு நடத் தெரியுமா? குழியைக் காலால் மிதித்துச் சேறாக்கி, குலவை போட்டு, வரிசை பிடித்து நட்டுவிட்டார்கள். மழையும் பெய்தது, பயிர் பிடித்துக்கொண்டது. அப்புறம் அதை மிதிக்க எவருக்கும் மனம் வரவில்லை. சைக்கிளில் வருகிறவன் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறான், வண்டிக்காரன் மூட்டையை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறான். ரோடு கேட்டுப் போராடி, இருந்த ரோட்டையும் நாமே அடைத்துக்கொண்ட கதையை எங்கே போய்ச் சொல்வது. போதாக்குறைக்கு உன் அம்மா களை வேறு எடுத்தாள்.

போன மாதக் கடைசியில் ஒருவழியாக ஜல்லி லாரியும் ரோலரும் வந்து நின்றன. பயிரை எடுத்தால்தான் வேலை, இல்லையென்றால் ரோலர் வேறு ஊருக்குப் போய்விடும், அப்புறம் சித்திரையில்தான் என்றார் ஓவர்சியர். பயிரோ சூல் கட்டி நிற்கிறது. சூல் பயிரை அழிப்பது பாவம், அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டார் தொடவே கூடாது என்று பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ரோலரை அப்படியே விடட்டுமா என்று ஓவர்சியர் கேட்டார். அத்தனை மனு எழுதிய நான் பயிரையும் ரோலரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மாதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். "நட்ட கைதான் பிடுங்கணும். பாவம் வந்தா எனக்கு வரட்டும், அந்தப் பொண்ணுக்கு ரோடு வரட்டும்" என்றாள். பிடுங்கி முடிக்கிறவரை அழுதாள். நடவுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து ஊரார் வயலில் நட்டவள் அவள், தனக்கென்று நட்டது இந்தக் குழியில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

ரோடு நேற்று முடிந்தது. அப்துல் வஹாபிடம் வாடகைக் காருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அவர் இன்றைக்கே நம் வாசல்வரை ஓட்டிவந்து பார்த்துவிட்டு, குலுங்கவே இல்லை, தைரியமாக இருங்கள் என்று சொல்லிப் போனார். அதனால் நீ கவலைப்படாமல் வேலையைப் பார், வேளைக்குச் சாப்பிடு, காதில் குளிர் ஏறாமல் துண்டைக் கட்டிக்கொள். அம்சத்துக்குத் தனியாக நாலு வரி எழுது, எனக்கு எழுதும் கடிதத்தின் கடைசியில் விசாரித்தால் போதாது. உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும்.

இன்னொன்று, உன் அம்மா ஒரு குத்துப் பயிரை மட்டும் மண்ணோடு பெயர்த்து வந்து கொல்லையில் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்திருக்கிறாள். இன்று காலை அதில் கதிர் எட்டிப் பார்க்கிறது. பேரனோ பேத்தியோ, முதல் சோறு அந்த நெல்லில்தானாம், அதற்கு லீவு கேட்டு வந்துவிடச் சொல்லி எழுதச் சொன்னாள். ஒரு வாய்க்குத்தான் தேறும், ஆனால் அது நம்முடையது.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
இராஜாங்கம்