கொங்காவெல வீடும் சீகிரியா ஹோட்டலும்

1970 செப்டெம்பர் 12
சீகிரியாவிலிருந்து இவர் வர இஷாத் தொழுகை நேரமாகிவிட்டது. சட்டையெல்லாம் சீமெந்து. மூன்றாம் மாடிக்குத் தட்டுப் போட்டாயிற்றாம். பிளேனில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர் கண்ணில் முதலில் படுவது நம் ஹோட்டல்தானாம். ஏழு மாடி! கொங்காவெலயில் அதற்கு இவர் பேராலேயே ‘ஸஹாப்தீன்ட குன்று’ என்று பேர் வைத்துவிட்டார்கள். மிளகு வியாபாரிக்கு ஏன் இந்த வேலை?

செப்டெம்பர் 30
விமானத் திடலிலிருந்து ஆள் வந்து, மூன்று மாடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். பிளேன் தாழப் பறக்கிற பாதையாம். பிளேனை நம்பிக் கட்டியதைப் பிளேனே மறிக்கிறது. பங்குக்காரர்கள் போட்ட காசைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

ஒக்டோபர் 9
பயந்ததுதான் நடந்தது. சாப்பிடும்போது கேட்டார்: “ஊட்ட ஒத்திக்குக் குடுப்போமா? இத்ரூஸ் ஹாஜியார் கேக்குறார்.”

வட்டி ஹராம் என்று வங்கிப் பக்கமே போகமாட்டார். ஒத்திக்கு வட்டி இல்லை; காசைத் திருப்பும்வரை ஹாஜியார் குடும்பம் இங்கே குடியிருக்கும். அவ்வளவுதானாம். இது என் உம்மா எனக்குத் தந்த வீடு. டிசெம்பரில் மகள் மஸூதாவுக்கு நிக்காஹ். மருமகன் வந்து இருக்கப்போவது இங்கேதானே? வீடில்லாத பிள்ளையை யார் எடுப்பார்கள்?

“ஏலா” என்றேன். பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார்.

ஒக்டோபர் 10
தூக்கமில்லை.

ஒக்டோபர் 22
செய்துவிட்டேன். தம்பி லாபிரைக் கூட்டிக்கொண்டு உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய், வீட்டை மஸூதா பேருக்கு எழுதிவிட்டேன். இனி இவர் என்னிடம் கேட்டும் பயனில்லை. சொன்னபோது, “நல்லம்” என்றார். கோபமா? அதுவும் தெரியவில்லை.

டிசெம்பர் 13
நிக்காஹ் முடிந்தது. மருமகன் ஸக்கரியா தங்கமான பிள்ளை. வீடு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

1971 பெப்ரவரி 18
மஸூதா வீட்டை ஹாஜியாருக்கு ஒத்திக்குக் கொடுத்துவிட்டாள். ஸக்கரியாவுக்கும் சம்மதமாம். வாப்பா கேட்கவே இல்லையாம், அவளாகத்தான் போனாளாம்.

“வாப்பா சோறே தின்றாரில்ல உம்மா. நீங்க பாக்கல்லயா?”

பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனா உனக்காகத்தானேடி நான் அப்புடிக் கல்லாட்டம் இருந்தேன்—

மே 2
ஹோட்டல் திறந்த மறுவாரமே கலகம், ஊரடங்கு. வெள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை. கீழ்மாடியில் இரண்டு அறை எடுத்து நாங்கள் நால்வரும்தான் இருக்கிறோம். ஒத்திக் காசு பங்குக்காரர்களுக்கே போய்விட்டது. இனி எதைக் கொண்டு வீட்டை மீட்பது?

ஓகஸ்ட் 7
லாபிர் கொங்காவெலயிலிருந்து வந்திருந்தான். ஹாஜியாரின் மருமகள் என் மாமரத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறாளாம். நெஞ்சு பற்றி எரிந்தது. இவரைப் பிடித்து ஏசத்தான் வாயெடுத்தேன். பிளேன் சத்தம் கேட்டது. இவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எந்தப் பிளேன் வந்தாலும் ஹோட்டலுக்கு ஆள் வருகிறதென்று ஓடுவார், பாவம். முக்கால்வாசி பட்டாளத்துப் பிளேன்தான்.

நானும் எழும்பி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“மஸூதா, தேத்தண்ணிக்குக் கேத்தல வைங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னதும் நான்தான்.