வரவேற்பு வாணம்

ஏழாயிரம்பண்ணை,
9-1-1961

கர்த்தருக்குள் பிரியமான பாக்கியத்துக்கு,

உன் தேவாசீர்வாதம் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீ சுகமா என்று எனக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்மஸுக்குப் பிறகு கடிதமே இல்லை. சென்னை ஆஸ்பத்திரியில் நர்சுகள் பேனா பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்களா?

விமானத் தளம் நன்றாக இருக்கிறது. நீ எப்படியும் அதைத்தான் முதலில் திட்டுவாய், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். ஓடுபாதை ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். காற்றடிக்கும் திசை காட்டுகிற துணிப்பையைப் புதிதாகத் தைத்துக் கம்பத்தில் ஏற்றினேன். பெட்ரோல் கொட்டகைக்குத் தகரம் மாற்றியாயிற்று. இறங்குகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, குடிக்க ஒரு பானைத் தண்ணீர். யார் விமானமும் இறங்கலாம் என்று பலகை வைத்திருக்கிறது, இறங்கத்தான் ஆளில்லை. பாதையில் ஊர்க்காரர்கள் கம்பு காயப்போடுகிறார்கள், தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் குச்சி காயப்போடுகிறார்கள். வேலுத்தாய் மிளகாயைப் பரப்பிவிட்டு, "பிளேன் வந்தா ஒரு சத்தம் குடுங்க சார், அள்ளிக்கிடுறேன்" என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டாசுக் கம்பெனி சங்கரலிங்கம் அண்ணாச்சியைப் பார்க்க, 28ஆம் தேதி சனிக்கிழமை வடக்கத்தி வியாபாரி ஒருவர் சென்னையிலிருந்து சின்ன விமானத்தில் வருகிறார். அதில் ஒரு இடம் காலி. "உங்க வீட்டம்மா மெட்ராஸ்லதான இருக்காக? அதுல ஏறி வரச் சொல்லுங்க" என்று அண்ணாச்சியே சொன்னார். பாக்கியம், என் தளத்தில் நீ வந்து இறங்க வேண்டும், ஊரே பார்க்க வேண்டும். வந்துவிடு. ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து எனக்கு அலுத்துவிட்டது.

உன்,
தேவாசீர்வாதம்


சென்னை,
16-1-1961

அன்புள்ள அத்தானுக்கு,

பாக்கியவதி எழுதுவது. சுகமாக இருக்கிறேன்.

அந்தமானில் அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். 30ஆம் தேதி திங்கட்கிழமை கப்பல். உங்களிடம் சொல்லாமல் மனுப் போட்டேன். சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் தினசரி விமானம் வரும், பெரிய குவார்ட்டர்ஸ் கட்டுவார்கள், அப்புறம் நாம் சேர்ந்து இருக்கலாம். கலியாணமான நாள் முதல் இதையே கேட்கிறேன், அத்தான். பொட்டல்காட்டை விட்டு வாருங்கள் என்றால் மட்டும் உங்களுக்குக் காது கேட்பதில்லை.

ஆனாலும் சனிக்கிழமை அந்த விமானத்தில் வருகிறேன். டிரங்குப் பெட்டியோடு வருகிறேன். எனக்கு வாக்குறுதி ஒன்றும் வேண்டாம். நீங்கள் பெட்டியை இறக்கி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், அந்தப் பொட்டல்காட்டிலேயே உங்களோடு இருந்துவிடுவேன். கப்பல் நானில்லாமல் போகட்டும். இறக்காவிட்டால் அதே விமானத்தில் திரும்பிவிடுவேன். சண்டை போடமாட்டேன்.

கோழி அடித்து ஆர்ப்பாட்டம் பண்ணாதீர்கள். கத்தரிக்காய்க் குழம்பு போதும்.

உங்கள்,
பாக்கியம்


சென்னை,
29-1-1961

அத்தானுக்கு,

மேலேயிருந்து உங்களைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் பாதை ஓரமாக ஓடிவந்தீர்கள். பைத்தியக்காரி மாதிரி நானும் கையை ஆட்டினேன். அப்போதுதான் கீழேயிருந்து சிவப்பு வெளிச்சம் ஏறி வந்து வெடித்தது. வானம் மூடியிருந்ததால் பளிச்சென்று தெரிந்தது. பைலட் உடனே விமானத்தைத் திருப்பினார். "சிவப்புப் போட்டால் இறங்கக் கூடாதம்மா. தளத்துக்காரர் வேண்டாம் என்கிறார்" என்றார். அந்த வெளிச்சம் போடுகிற துப்பாக்கி யார் பூட்டுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இன்னொரு சுற்றுச் சுற்றச் சொல்லிக் கெஞ்சினேன். மறுபடியும் சிவப்பு.

மதுரையில் இறங்கினோம். வியாபாரி டாக்சி பிடித்து என்னையும் கூப்பிட்டார். வராதே என்று சொன்ன வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு மனசில்லை. பெட்டியைத் தூக்க விருப்பமில்லையென்றால் ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாமே, அத்தான். ஊர் பார்க்கவா அதைச் சொல்ல வேண்டும்?

நாளைக்குக் கப்பல். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கியவதி


ஏழாயிரம்பண்ணை,
3-2-1961

என் பாக்கியம்,

உன் கடிதம் கைக்கு வந்தபோது நீ கடலில் போய்க்கொண்டிருந்தாய். இது அடுத்த கப்பலில்தான் உன்னிடம் வரும். அதுவரை நீ என்னை என்னவெல்லாம் நினைப்பாய் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

நான் போடவில்லை, பாக்கியம். துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. நீ வருகிறாய் என்று அண்ணாச்சி கம்பெனி ஃபோர்மேன் சோணைமுத்து எனக்குத் தெரியாமல் வாணம் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் நட்டிருக்கிறான். பெண் அழைத்தாலும் வெடி, பிள்ளை பிறந்தாலும் வெடி என்று வாழ்கிற ஊர். "சாரோட வீட்டம்மா மொத மொத ஆகாசத்துல வாராக, சும்மாவா விடுவோம்? தீவாளி சீசனுக்குக்கூட வெளிய விடாத நயம் செவப்பு சார்" என்றான். நான் கத்திக்கொண்டு ஓடியது அவர்களை நிறுத்தத்தான். நீ இரண்டாம் முறை வந்ததும், வாணத்தைப் பார்க்கத்தான் திரும்பி வந்தாய் என்று இன்னும் குஷியாக விட்டார்கள். ஊரே கைதட்டியது. விமானம் மறைந்த பிறகும், "சுத்திட்டு வருவாக" என்று கலையாமல் நின்றார்கள். டாக்சியில் வந்த வியாபாரி சொல்லித்தான் நீ திரும்பிவிட்டாய் என்று தெரிந்தது; உடனே நான் அடித்த தந்தி உன் கைக்கு வரவில்லை போலிருக்கிறது.

சோணைமுத்து தினமும் வந்து வாசலில் நிற்கிறான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. மதுரையிலிருந்து எத்தனையோ பஸ் வருகிறது. பஸ்ஸில் வா என்று நான் எழுதியிருந்தால் நீ இந்நேரம் அடுப்படியில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். உன்னை ஆகாயத்திலிருந்து இறக்கிக் காட்ட ஆசைப்பட்டது நான்தான்.

வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். புது ஆள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவேன். அங்கே ஆஸ்பத்திரி வாசலில் காவல் வேலையானாலும் சரி. வா என்று ஒரு வரி எழுது. உன்னைப் பார்க்காமல் முடியவில்லை, பாக்கியம்.

உன்,
தேவாசீர்வாதம்


போர்ட் பிளேர்,
6-3-1961

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, ஒரு நோயாளி எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு அந்த டாக்சியில் ஏறியிருந்தால் எல்லாம் சாயங்காலத்துக்குள் தீர்ந்திருக்கும். என் வீம்புக்கு மூன்று வருஷம்.

சோணைமுத்துவை நிற்கவைக்காதீர்கள், பாவம். வாணம் நிஜமாகவே அழகாக இருந்தது என்று சொல்லுங்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் அழுதேன்.

இங்கேயும் ஒரு விமானத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் நீங்கள் போகவே கூடாது.

கப்பலில் வாருங்கள், அத்தான். அங்கே ஒருவரிடமும் சொல்லாமல் வாருங்கள்.

உங்கள்,
பாக்கியம்